விட்ஸிலிருந்து இறங்கி இஸட்டில் ஏறுமுன்

பதினான்கு வருடமாக நான் ஓட்டியது ஒரு டொயோட்டா விட்ஸ். 1000 சிசி என்ஜின், 70 குதிரை வலு, முன் சில்லு இழுக்கும் கார். மூன்று வருடத்துக்கு முன்பு கனடாவுக்குக் கிளம்பிய மச்சான், வெளியாளுக்கு விற்க மனம் வராமல் தன் நிசான் ஃபெயார்லேடி இஸட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெளிநாடுகளில் 350இஸட் என்று விற்ற அதே கார்தான். 3.5 லீற்றர் வி6, 280 குதிரை வலு, ஆறு கியர் மெனுவல், பின் சில்லு தள்ளும். இப்போது அக்காவின் மகன், இதே மாதிரி பின் சில்லு தள்ளும் ஒரு டொயோட்டா 86க்கு முற்பணம் கட்டிவிட்டு வந்து, "எல்லாம் கார்தானே மாமா, கொஞ்சம் வேகம் கூட, அவ்வளவுதானே?" என்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அவுட்போர்ட் என்ஜின் திருத்துவது தொழில். 18 அடி பைபர் போட் ஓட்டிப் பழகியவனுக்குப் பின் சில்லு காரின் பாதிப் பாடம் ஏற்கனவே தெரியும். மாட்டு வண்டியில் மாடு முன்னால் நின்று இழுக்கிறது. அது திரும்பிய பக்கம் வண்டி வந்துவிடும். விட்ஸ் அந்த இனம். போட்டில் தள்ளுவது பின்னால் இருக்கிறது. திருப்பினால் அணியம், அதாவது போட்டின் முன்பக்கம், உள்ளே போகும், பின்பக்கம் வெளியே வீசும். முழு வேகத்தில் வந்து திடீரென்று என்ஜினை அடக்கினால் நம் போட் கிளப்பிய அலையே துரத்தி வந்து பின்னால் ஏறிக் கொட்டும். அதனால் கடலில் யாரும் வேகத்தை ஒரேயடியாக இறக்குவதில்லை. கரையில் அதை நான் மறந்துபோனேன்.

ஒக்டோபர் மாதம், கச்சான் ஓய்ந்து வந்த முதல் மழை. இஸட் என் கைக்கு வந்து மூன்றாவது வாரம். திருகோணமலையில் அநுராதபுரச் சந்தியில் வலது பக்கம் திரும்புகிறேன், இரண்டாம் கியர், மணிக்கு முப்பதுதான் இருக்கும். திரும்பி முடிவதற்கு முன்பே காலைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். பின்பக்கம் இடது பக்கமாக நழுவியது. பதினான்கு வருடப் பழக்கம், பயம் வந்ததும் காலைச் சட்டென்று எடுத்தேன். விட்ஸாக இருந்தால் முன் சில்லுக்குப் பிடி திரும்ப வந்து கார் ஒழுங்காகியிருக்கும். இஸட் ஒரு அரைவட்டம் போட்டு, நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. பின்னால் வந்த ஓட்டோவை நிறுத்திய பெரியவர் தலையை வெளியே நீட்டி, "தம்பி, எதையும் வீட்டில விட்டிட்டு வந்திட்டியோ?" என்று கேட்டார்.

என்ன நடந்தது? டயரின் பிடியைப் பிடிபட்ட மீன் மாதிரி நினைத்துக்கொள். ஒரு பங்கு திருப்பத்துக்கு, ஒரு பங்கு வேகத்துக்கு, ஒரு பங்கு பிரேக்குக்கு. மீனின் அளவு கூடப்போவதில்லை, பங்குதான் மாறும். முன் சில்லு காரில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே இரண்டு டயர்கள். அளவு மீறினால் மூக்கு வெளியே போகும், ஸ்டியரிங் வேலை செய்யவில்லை என்று கையிலேயே தெரியும், காலைத் தளர்த்தினால் சரி. பின் சில்லு காரில் தள்ளுகிற பங்கு பின் டயருக்குப் போகிறது. வளைவில் அந்த டயர் ஏற்கனவே பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேலே நீ மிதித்தால் பிடி முடிந்துவிடும். அந்த நேரம் காலைச் சட்டென்று எடுத்தால் இரண்டு தீமை சேர்ந்து வருகிறது. காரின் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் இலேசாகும். அதோடு, காலை எடுத்ததும் என்ஜினே காரை இழுத்துப் பிடிக்கிற என்ஜின் பிரேக், பின் சில்லுகளை மட்டும் பிடிக்கும். நழுவுகிற டயரை இன்னும் நழுவ வைக்க இது போதும்.

ஆகவே முதல் பழக்கம், வளைவுக்குள் போனபின் காலை ஒரேயடியாக எடுக்காதே. தளர்த்து. கால் பெருவிரலிலிருந்து ஸ்டியரிங்குக்கு ஒரு தங்கூசி நூல் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். ஸ்டியரிங் திரும்பியிருக்கும்வரை கால் கீழே இறங்க அது விடாது; ஸ்டியரிங் நேராகிற அளவுக்குத்தான் கால் இறங்கலாம். பிரேக்கை நேர்ப் பாதையிலேயே முடித்துவிடு. பிறகு கியர், பிறகு திருப்பம். சந்தி வரும்போது அரைகுறையாகப் பிரேக் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற விட்ஸ் பழக்கம் இங்கே வேண்டாம்.

கியர் குறைப்பது தனிப் பாடம். இதைப் பலர் சொல்லித்தருவதில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் கிளச்சைத் தடாலென்று விட்டால், என்ஜின் சுற்று சில்லின் சுற்றுக்கு ஏறும்வரை பின் டயர்களை இழுத்துப் பிடிக்கும். காய்ந்த தாரில் ஒரு குலுக்கல், ஈரத்தில் கைப்பிரேக் இழுத்தது மாதிரி. கிளச் மிதிபட்டிருக்கும்போதே எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றை ஏற்றிவிட்டுக் கிளச்சை விடு. நிலாவெளி வீதியில் அதிகாலையில் இதை மட்டுமே ஒரு வாரம் பழகினேன். சாம்பல்தீவுப் பாலத்தை நெருங்கும்போதெல்லாம் ஒரு தட்டு, ஒரு கியர். பக்கத்தில் இருந்த மனைவி தேநீரைச் சிந்தாமல் குடித்து முடித்த நாள்தான் எனக்குப் பரீட்சை பாஸ்.

இதற்கெல்லாம் முன்பு டயரைப் பார்க்க வேண்டும். நான் சுழன்ற அன்று பின் டயரில் தடப் பள்ளங்கள் தேயாமல் நன்றாகவே இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தை நான் படித்திருக்கவில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2313 என்றால் 2013இன் 23ஆவது வாரம். ஒன்பது வருட டயர்! எங்கள் வெயிலில் ரப்பர் கல்லாகிவிடும்; பார்வைக்குப் புதிது, பிடிக்குப் பழசு. இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழசாக வாங்கும்போது இதுதான் பொதுவான கதை, ஏனென்றால் அவை ஓடுவதைவிட நிற்பதே அதிகம். என் இஸட்டில் முன்னால் 225, பின்னால் 245 அகலம், அதனால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிச் சமாளிக்கவும் வழியில்லை. நான்கையும் மாற்றினேன், செலவை மனைவியிடம் இரண்டு தவணையாகச் சொன்னேன். காற்றடிப்பது டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணின்படி. கடைக்காரர் எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடிப்பார், நின்று பார்.

அகல டயர் என்றால் பிடி கூட என்று நினைப்பாய். காய்ந்த வீதியில் சரி. தேங்கிய வெள்ளத்தில் அகல டயர்தான் சீக்கிரம் மிதக்கும். விட்ஸின் ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் இஸட் படகாகிவிடும். மார்கழி மழையில் உள்வீதிகளில் நான் இன்னும் விட்ஸைத்தான் எடுக்கிறேன். முதல் மழை அதைவிட மோசம், மாதக்கணக்கில் ஊறிய ஒயிலும் டயர்த் தூசியும் மேலே வந்து வழுக்கும். மஞ்சள் கோடு, ரெயில் தண்டவாளம், கடற்கரைப் பக்கம் காற்றுக் கொண்டுவந்து கொட்டிய மணல், இவற்றின் மேல் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மிதிக்காதே.

சரி, நழுவிவிட்டது. இப்போது என்ன? பார்வை முதலில். போக வேண்டிய வழியைப் பார், மோதப்போகிற மதிலைப் பார்க்காதே. கை கண் போகும் பக்கம்தான் போகும். பின்பக்கம் இடது பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் இடது பக்கம் திருப்பு. கால் தளரட்டும், பறக்க வேண்டாம். பிரேக்கைத் தொடாதே. அடுத்ததில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பின் டயர் பிடித்துக்கொண்ட அந்த நொடியில் ஸ்டியரிங்கை நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் கார் மறுபக்கம் அடிக்கும், அந்த இரண்டாவது அடி முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும்.

வாசித்தால் வராது. ஒரு நண்பர் கன்னியாப் பக்கம் கல், மணல் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை யாட் காலி. அவரைக் கேட்டு, தண்ணீர் தெளித்து, மணிக்கு இருபதில் வட்டம் அடித்தேன். சரளைக் கல்லில் இருபதே போதும், எல்லாம் மெதுவாக நடக்கும், கை கற்றுக்கொள்ள நேரம் இருக்கும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இருக்கையிலேயே தெரிய ஆரம்பித்தது. முன் சில்லு காரில் செய்தி கையில் வரும், இதில் இடுப்பில் வரும். அதனால் இருக்கையை முன்னுக்கு இழு, கிளச்சை முழுதும் மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். மச்சான் மாதிரி படுத்துக்கொண்டு ஓட்டினால் எதுவும் கேட்காது. பொது வீதியில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

என் காரில் விடிசி இருக்கிறது, நழுவலை உணர்ந்து தனித்தனிச் சில்லுக்குப் பிரேக் பிடித்து, என்ஜினையும் அடக்கும். அதை அணைக்கும் பொத்தானை வீதியில் தொடுவதில்லை. விளக்கு மின்னினால் நான் தவறு செய்தேன் என்று கணக்கு வைக்கிறேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஏழெட்டு. இப்போது மாதத்துக்கு ஒன்று, அதுவும் மழையில். கல்லாகிப்போன டயரில் விடிசியும் பெரிதாக ஒன்றும் செய்யாது, அன்று சந்தியில் அது போட்டிருந்ததுதான்.

மீதியெல்லாம் சில்லறை. பெற்றோல் 95 ஒக்டேன் மட்டும், எல்லாப் பெற்றோல் செட்டிலும் இருக்காது, பாதி டாங்கிலேயே நிரப்பு. வேகத்தடையில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறு. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது இஸட்டுக்கும் சட்டம்தான். இரண்டாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும் என்பதால் கண் மீற்றரில் இருக்கட்டும். இந்தத் தாழ்ந்த இருக்கையில் நீ உட்கார்ந்தால் இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் பிந்தித்தான் தெரியும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை. அந்த வழியில் இருட்டியபின் போவதென்றால் விட்ஸின் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, எடுத்துக்கொண்டு போ.