கேம் லாஞ்சர் திறக்கவில்லையா? எனக்குச் சரியானது இப்படித்தான்

லாஞ்சர் (கம்ப்யூட்டரில் கேம்களை இறக்கவும் திறக்கவும் பயன்படும் புரோகிராம்) ஐகானை டபுள் கிளிக் செய்தால் கர்சர் பக்கத்தில் வட்டம் ஒரு நொடி சுற்றும், அப்புறம் ஒன்றுமே நடக்காது. எரர் மெசேஜ்கூட வராததால் எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் செய்தும் பார்த்தேன், பலன் இல்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: லாஞ்சர் பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விண்டோ மட்டும் வரவில்லை. அப்படி ஒன்று சிக்கி நின்றுவிட்டால் எத்தனை கிளிக் செய்தாலும் புதிதாகத் திறக்காது. அதன் பெயரில் இருந்த எல்லாவற்றுக்கும் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன். சிலருக்கு இதோடு சரியாகிவிடும், எனக்கு ஆகவில்லை.

இந்த லாஞ்சர்களில் பல, உள்ளுக்குள் குரோமியம் பிரவுசரை வைத்துத்தான் திரையைக் காட்டுகின்றன, அதனால் அந்தப் பிரவுசர் சேமித்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள், அதாவது கேஷ், கெட்டால் விண்டோவே வராமல் போகலாம். யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவைத் திறந்து, லோக்கலுக்குள் லாஞ்சர் பெயரில் இருந்த ஃபோல்டருக்குப் போய், அங்கே வெப்கேஷ் என்ற ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். அழிப்பதைவிட இது நல்லது, வேண்டுமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அடுத்த கிளிக்கில் லாகின் திரை வந்துவிட்டது! பாஸ்வேர்டை மட்டும் திரும்பக் கேட்டது, இறக்கி வைத்த கேம் எதுவும் போகவில்லை.

தயவுசெய்து எடுத்த எடுப்பில் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், சில லாஞ்சர்கள் கேம்களையும் சேர்த்தே அழித்துவிடும்.