டர்போ ஹேட்ச்பேக் வாங்குமுன் ஏலகிரி ஏறிப் பாருங்கள்

ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேசர் இரண்டுக்கும் 120 பிஎஸ் (ஹார்ஸ்பவர் மாதிரிதான்); ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி 1.0 டிஎஸ்ஐக்கு 110. காகிதத்தில் அவ்வளவுதான். பெங்களூர் ஹைவேயில் ஓட்டினால் மூன்றுமே பறக்கும், ஒன்றும் விளங்காது.

டெஸ்ட் டிரைவில் நான்கு பேரை ஏற்றி, ஏசி போட்டு, ஏலகிரி மலைப்பாதையில் ஓட்டக் கேளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் விழுந்ததும் இரண்டாவது கியரிலேயே மிதியுங்கள். ஐ20யில் (என்னுடையது அதுதான், மேனுவல்) முழு டார்க் (இழுக்கும் திறன்) 1500 ஆர்பிஎம்மிலேயே (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) வந்துவிடும், ரேசரில் 1750. அதற்குக் கீழே டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) தூங்கும். முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஹார்ஸ்பவரைவிட இதுதான் தினமும் தெரியும்.

அப்புறம் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசல். மேனுவலில் இடது கால் கடுக்கும், ரேசர் வந்ததே மேனுவலில்தான். ஐ20யின் டிசிடியில் (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஊர்ந்துகொண்டே போனால் கிளட்ச் சூடேறும். முன் வண்டி நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டபிறகு எடுங்கள். போலோவின் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் (எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) இந்த விஷயத்தில் சாது. ஆனால் அந்தக் கார் 2022-இல் நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். சர்வீஸ் பில்கள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.