வீட்டில் பழ சிரப்: தண்ணீர்க் கணக்கில் தொடங்கும் தவறுகள்

வெறும் சர்க்கரை சிரப் என்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை. சூடாக்கிக் கரைந்ததும் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. பழம் சேரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், அப்புறம் 200 கிராம் ஸ்ட்ராபெர்ரி. பார்க்க அளவு சரியாகத்தான் தெரியும். ஆனால் ஸ்ட்ராபெர்ரியின் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். அடுப்பில் ஏறியதும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பாத்திரத்துக்குள் இறங்கிவிடும். 200 கிராம் சர்க்கரைக்கு இப்போது 380 மில்லி தண்ணீர் வரை இருக்கும். பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நிற்கிறது.

இனிப்பு குறைந்தால் என்ன, இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. தண்ணீரை ஈஸ்டுக்கும் பூஞ்சைக்கும் கிடைக்காதபடி பிடித்து வைப்பதும் அதுதான். ஒருமுறை நான் செய்த சிரப்பை ஐந்தாம் நாள் பிரிட்ஜிலிருந்து எடுத்தேன். பாட்டிலின் கழுத்தில் பொடிப்பொடியாக நுரை. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே லேசான புளித்த வாடை. நல்ல பழம் ஒரு கிலோ வீணானதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். நறுக்கிய பழத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில், அது பாதி மூழ்கும் அளவுக்கு, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் வேகவிட்டு வடிகட்ட வேண்டும். கிடைத்த சாற்றைத் தராசில் வைத்து, அதே எடைக்குச் சர்க்கரை. பழம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கணக்கு தப்பாது. கப்பால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு கப் தண்ணீர் 240 கிராம் என்றால், அதே கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம்தான்.

அடுத்தது, கெட்டியாகட்டும் என்று கொதிக்க விட்டுக்கொண்டே இருப்பது. சூடாக இருக்கும்போது எந்த சிரப்பும் தண்ணீராகத்தான் தெரியும். ஆறினால்தான் அதன் உண்மையான பதம் தெரியும். கரண்டியில் எடுத்துப் பார்த்து, போதவில்லை என்று இன்னும் கால் மணி நேரம் விட்டால், சர்க்கரை கம்பிப் பதத்தை நோக்கிப் போகும். சாற்றைக் கெட்டியாக்கும் பழத்தின் பெக்டினும் சேர்ந்துகொண்டால் மறுநாள் பாட்டிலில் ஜாம்தான் இருக்கும். மணமும் போய்விடும். அடுப்படி முழுக்க ஸ்ட்ராபெர்ரி மணக்கிறது என்றால், அந்த மணம் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது என்றுதான் பொருள். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம்.

மென்மையான பழங்களுக்கு அடுப்பே தேவையில்லை. ஸ்ட்ராபெர்ரியை நறுக்கிச் சம எடை சர்க்கரையில் புரட்டி, மூடி, ஒரு நாள் பிரிட்ஜில் வைத்தால் சர்க்கரையே சாற்றை இழுத்துவிடும். நிறமும் வாசனையும் வேகவைக்காத பழத்துடையதாகவே இருக்கும். அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றையும் இப்படிச் செய்து பாலில் கலக்காதீர்கள். அவற்றில் இருக்கும் நொதிகள் பாலின் புரதத்தை உடைப்பதால் கசப்பு ஏறும். வேகவைத்தால் அந்த நொதிகள் செயலிழந்துவிடும்.

வடிகட்டும்போது அவசரப்படுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துணியில் கட்டிய பழத்தை முறுக்கிப் பிழிந்தால் இன்னும் நாலு கரண்டி சாறு கிடைக்கும், உண்மைதான். கூடவே நார்த்தூளும் பெக்டினும் இறங்கி, கண்ணாடி மாதிரி இருந்த சிரப் கலங்கிவிடும். இரண்டு நாளில் அடியில் வண்டலும் படியும். தொங்கவிட்டு, தானாகச் சொட்டட்டும் என்று விட்டுவிடுங்கள். மிச்சமான சக்கையை பிரெட்டில் தடவிச் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகையில் தோலின் மேல்புறம் மட்டும் போதும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். அவற்றின் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பது நல்லது. ஆப்பிள் விதை, பீச், பிளம் கொட்டை ஆகியவற்றை மிக்ஸியில் அரைபட விடவே கூடாது. உடைந்தால் சயனைடை வெளியிடும் பொருள் அவற்றில் இருக்கிறது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். புளிப்பு பட்டால் அலுமினியமும் இரும்பும் சிரப்பில் உலோகச் சுவையை ஏற்றிவிடும்.

நாள்பட இருக்க வேண்டும் என்று ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு சர்க்கரை போடுபவர்கள் உண்டு. கெடாமல் இருக்கும்தான், ஆனால் அது தண்ணீர் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் பிரிட்ஜில் அடியில் கற்கண்டு கட்டிவிடும். கொதிக்கும்போதே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையால் வழித்துவிட்டால் பெருமளவு தவிர்க்கலாம்.

கடைசியில் பாட்டில். கொதிநீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும். செய்த தேதியை ஒட்டிவையுங்கள். சம அளவு சிரப்பை பிரிட்ஜில் இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டாலோ, சர்க்கரையைக் குறைத்துச் செய்திருந்தாலோ, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். வேண்டும்போது ஒரு கட்டி எடுத்து சோடாவில் போட்டுக்கொள்ளலாம். நுரையோ மங்கலோ பூஞ்சையோ தெரிந்தால் மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பழைய பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும்போது அதன்மேலேயே புதியதை ஊற்றுவதும் வேண்டாம். பழையதில் கிருமி இருந்தால் புதியதும் அதனோடு சேர்ந்து கெடும்.