வயல் கிணற்றுக்கு மழைநீர் ஊட்டுவது: வண்டலைப் பிடித்த பிறகுதான் தண்ணீர்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம் ஊர்ப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் ஒரு பெருமழை பெய்தால், தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு கானாற்றுக்கு ஓடிவிடும். அதே கொல்லையின் கிணறு பங்குனியில் அடி தெரியக் கிடக்கும். ஓடுகிற நீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம்தான். ஆனால் வாய்க்கால் வெட்டி நேராக உள்ளே இறக்கிவிடாதீர்கள். நம் பக்கம் கிணற்றுக்கு ஊற்று வருவது பாறை வெடிப்புகள் வழியாக. சிவப்புக் கலங்கல் அந்த வெடிப்பில் ஏறி அடைத்தால், நாலைந்து மழையில் இருக்கிற ஊற்றும் போய்விடும். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு மண்ணைப் பிரிக்கும் வேலை. தண்ணீர் முதலில் வண்டல் குழியில் மண்ணை இறக்கி, அடுத்து வடிகட்டிக் குழியின் மணல், ஜல்லி வழியாக இறங்கி, குழாயில் கிணற்றுக்கு வரும்.

சில கிணறுகளுக்கு இது ஆகாது. குடிக்க எடுக்கும் கிணறு என்றால் வேண்டாம். சாலை ஓரச் சாக்கடையோ தோல் பதனிடும் ஆலைக் கழிவோ கலக்கும் ஓடை என்றால் கண்டிப்பாக வேண்டாம். வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல்; பாலாற்றங்கரையில் பல கிணறுகளின் உப்பு இன்னும் போகவில்லை. நிலத்தடியில் ஒருமுறை இறங்கிய அழுக்கை எடுப்பது லேசில்லை.

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு ஏக்கரில் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு வழிந்து ஓடினாலே 50,000 லிட்டர். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய 8,900 லிட்டர் பிடிக்கும்; அப்படியானால் 50,000 லிட்டருக்கு ஐந்தரை அடி ஏறும். மூன்று நான்கு ஏக்கர் நீரை ஒரே குழியில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். கீழே சொல்லும் அளவுகள் ஒரு ஏக்கருக்கு.

இடம்

மழை நேரத்தில் குடை பிடித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே ஒன்றுசேர்ந்து வெளியேறுகிறது என்று அதுவே காட்டும். வெயில் காலம் என்றால் கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி மட்டம் பாருங்கள். வடிகட்டிக் குழி கிணற்று விளிம்பிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் குழியில் ஊறும் நீர் கிணற்றின் மேல்மண்ணை நனைத்துச் சரித்துவிடும். கட்டாத பழைய கிணறு என்றால் 15 அடிக்குக் குறையவே கூடாது.

வேலையை ஆனிக்குள் முடியுங்கள். வேலூருக்கு ஐப்பசி மழை மட்டும் இல்லை, ஆடி முதல் புரட்டாசி வரை சாயங்கால இடிமழையும் நன்றாகவே கிடைக்கும்.

வண்டல் குழி

6 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம். இதில் சுமார் 5,000 லிட்டர் நிற்கும். 50,000 லிட்டர் இரண்டு மணி நேரத்தில் வந்தால், தண்ணீர் இந்தக் குழியில் தங்குவது 12 நிமிடம்தான். மணலும் கனமான வண்டலும் தங்க அது போதும், களி தங்காது. ஆகவே குழிக்கு மேலேயே ஆறேழு அடி அகலத்துக்கு வெட்டிவேரோ கொழுக்கட்டைப்புல்லோ நெருக்கமாக நட்டுவிடுங்கள். புல் தண்ணீரின் வேகத்தை உடைக்கும், ஆட்டுக்கும் ஆகும்.

ஒரு புல் வரிசை போதுமா என்று சோதிக்க, ஓடும் நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் டீ நிறம் மாறவில்லை என்றால் களி அதிகம். ஒரு புல் வரிசை போதாது, சரிவுக்குக் குறுக்கே இன்னொரு வரப்பும் போட வேண்டும்.

குழியின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் கொஞ்சம் சாய்வாக வெட்டி, கருங்கல்லை அடுக்குங்கள். சிமெண்ட் பூச வேண்டாம். பாலாற்று ஓர மணல்பாங்கு நிலத்தில் கல் நிற்காது, சிமெண்ட் உறைதான் இறக்க வேண்டும்.

வடிகட்டிக் குழி

வண்டல் குழிக்குக் கீழ்ச்சரிவில் மூன்றடி தள்ளி, அதே அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வழிவாய். அதன் மட்டம், வண்டல் குழிக்குள் நீர் நுழையும் இடத்தைவிட ஒரு அடி தாழ்வாக இருக்க வேண்டும்.

முதலில் குழாய். அடியிலிருந்து கிணற்றுக்கு 6 அங்குல பிவிசி பைப், பத்தடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவில். 4 அங்குலம் மலிவுதான், ஆனால் மேலே சொன்ன மழைக்கே அது திணறும். குழிக்குள் இருக்கும் ஐந்தடி நீளத்தில் 10 மி.மீ. துளைகள் போட்டு நைலான் வலை சுற்றி, நுனியில் எண்ட் கேப் மாட்டுங்கள்.

பிறகு கீழிருந்து மேலாக அடுக்குகள்: கையளவுக் குண்டுக்கல் ஒன்றரை அடி, 20 மி.மீ. ஜல்லி 9 அங்குலம், 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) 3 அங்குலம், அதன்மேல் நைலான் வலை, கடைசியாகப் பருமணல் ஒரு அடி. மேலே ஒன்றரை அடி காலியாக விடுங்கள். வாங்க வேண்டியது: குண்டுக்கல் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). ஜல்லியும் சிப்ஸும் சேர்ந்து, மணல் தனியாக, மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். தண்ணீர் விழும் இடத்தில் மணல்மேல் ஒரு பட்டைக்கல் போடாவிட்டால், முதல் மழையிலேயே மணலில் பள்ளம் பறிந்து நீர் வடிகட்டப்படாமல் இறங்கும்.

ஜல்லியைக் கழுவாமல் கொட்டாதீர்கள். கிரஷர் தூள் அத்தனையும் கிணற்றுக்குத்தான் போகும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) என்றால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அலுப்பான வேலை, வேறு வழியில்லை.

கிணற்று முனை

குழாய் கிணற்றுச் சுவரைத் தாண்டி இரண்டடி உள்ளே நீட்டியிருக்க வேண்டும். சுவரை ஒட்டி விழுந்தால் மண் கரைந்து இடியும். எல்போ (வளைவுத் துண்டு) போட்டுக் கோடை நீர்மட்டம்வரை கீழே இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. அடி வண்டல் கலங்காது. உள்ளே இறங்கி வேலை செய்பவருக்கு இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள் கட்டாயம்.

மடைமாற்று

இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். வண்டல் குழிக்கு முன்னால் வாய்க்காலில் ஒரு பலகை மடை வையுங்கள். பருவத்தின் முதல் மழை, யூரியா போட்ட வாரம், மருந்து அடித்து இரண்டு வாரம் ஆகாத நாள் என்று இந்தச் சமயங்களில் தண்ணீரைக் கானாற்றுப் பக்கம் திருப்பிவிடுங்கள். சந்தேகம் வந்தாலும் வெளியேதான்.

பராமரிப்பு

பெருமழை நின்ற மறுநாள் மணல்மேல் இன்னும் தண்ணீர் நின்றால் மேற்பரப்பு அடைத்திருக்கிறது. மேல் இரண்டு அங்குல மணலைச் சுரண்டி, கழுவிப் பரப்புங்கள். வண்டல் குழி பாதி நிரம்பியதும் வாருங்கள். அந்த வண்டல் கொல்லைக்கே உரம். குழியில் ஒரு வாரத்துக்குமேல் நீர் தேங்கினால் கொசு வரும், வாளியால் இறைத்துவிடுங்கள். சுற்றிலும் முள்வேலி போட மறக்கக் கூடாது. குழந்தையோ கன்றுக்குட்டியோ விழும்.

அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் கட்டி, காலையில் மோட்டார் போடுமுன் நீர்மட்டம் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஏறிய மட்டம் நாலைந்து நாளில் இரண்டடி இறங்கினால் பதற வேண்டாம், வெடிப்பு வழியாகப் பாறைக்குள் போகிறது. கொஞ்சம் பக்கத்துக் கொல்லைக் கிணற்றுக்கும் போகும். ஒரு பெருமழைக்குப் பிறகும் மட்டம் அசையவில்லை என்றால் முதலில் குழாயின் நைலான் வலையைச் சந்தேகப்படுங்கள்.