பள்ளியை விட்டு நிறுத்துவதற்கு முன்: வீட்டுக்கல்விக்கு ஒரு குறிப்பு

சென்னையில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்துவிட்டீர்களா? சரி, பாடத்திட்டம் தேடி இணையத்தில் அலைவதெல்லாம் அப்புறம், முதலில் பள்ளியில் டி.சி.யையும் கடைசி மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கி வையுங்கள். நாலு வருஷம் கழித்துப் போய் நின்றால் அலையவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் முன்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் பின்னால் போயிருக்கிறதா, எழுத்துக்கூட்டல் மாறியிருக்கிறதா என்று பார்த்து இப்போதே திருத்திவிடுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது, அதாவது பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழி செய்யும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 5 பாடங்கள் எடுக்க வேண்டும், தமிழ் வழியிலும் எழுதலாம். பதிவு 5 வருஷம் செல்லும் என்பதால் எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை, கணக்குக்குப் பயப்படுகிற பிள்ளையென்றால் மற்றதை முடித்துவிட்டு அதை மட்டும் தனியாக, நிதானமாக எழுத வைக்கலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு வசதிக்காகவே இந்த வழி நல்லது.

ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் நாள் முழுக்க அம்மாவும் பிள்ளையும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டைதான் வரும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம், ஒரே நாளில் ரெண்டையும் பார்க்கலாம். வாரநாளில் போனால் நெரிசல் குறைவு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடாதீர்கள், விடுமுறை.