மாங்க் சப்கிளாஸ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பொதிகைச் சித்தர் முதல் சிலம்பம் வரை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மாங்க் (வெறுங்கையால் சண்டையிடும் துறவி) சப்கிளாஸ், அதாவது அந்தப் பாத்திரத்துக்குள் ஒரு தனிப் பிரிவு, எழுத நினைக்கும் திருநெல்வேலிக்காரருக்குக் கருவுக்குப் பஞ்சமில்லை. பொதிகை மலை இருக்கிறது, அகத்தியர் இருக்கிறார், சிலம்பமும் வர்மமும் இருக்கின்றன. கோளாறு கருவில் வருவதில்லை. மாங்க் ஏற்கெனவே என்னவெல்லாம் செய்கிறது, அதன் கையில் எவ்வளவு கி (சக்திகளுக்குச் செலவழிக்கும் புள்ளி) இருக்கிறது என்று பார்க்காமல் எழுத ஆரம்பிப்பதில்தான் வருகிறது. கீழே வரும் கணக்குகள் 2014 விதிகளின்படி. 2024 விதிகளில் கி பாயிண்ட் ஃபோகஸ் பாயிண்ட் ஆகிவிட்டது, வேறு சில மாற்றங்களும் உண்டு, ஆனால் இங்கே சொல்லும் தவறுகள் இரண்டுக்கும் பொருந்தும்.

நம் ஊரில் அதிகம் எழுதப்படக்கூடியது பொதிகைச் சித்தர் சப்கிளாஸ்தான். தண்ணீர்மேல் நடப்பார், விஷம் ஏறாது, பசி கிடையாது, மூப்பு தொடாது, நினைத்தால் மறைந்துவிடுவார். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 9ஆம் லெவலில் எல்லா மாங்க்குகளும் தண்ணீர்மேல் ஓடுகிறார்கள். 10இல் விஷமும் நோயும் தீண்டுவதில்லை. 15இல் சோறு தண்ணீர் வேண்டாம், முதுமையின் தளர்ச்சியும் இல்லை. 18இல் கி செலவழித்து மறைந்துவிடலாம். நீங்கள் 11ஆம் லெவலுக்கு எழுதி வைத்த பெரிய சித்தி, ஆடுபவர் கையில் இரண்டு லெவலுக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் முதலில் மாங்க் அட்டவணையை 20ஆம் லெவல் வரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதில் இல்லாதது என்ன என்று தேடுங்கள். சித்தர் என்றால் மருந்து, மூலிகை, ரசவாதம், புதிராகப் பேசும் பாட்டு என்று அந்த அட்டவணை தொடாத பக்கம் நிறையவே இருக்கிறது.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய தவறு. எந்தச் சக்தியை எழுதினாலும், ‘போனஸ் ஆக்‌ஷனில் 2 கி செலவழித்து’ என்று முடித்துவிடுவது. போனஸ் ஆக்‌ஷன் என்பது ஒரு சுற்றில் ஒருமுறை மட்டும் கிடைக்கும் கூடுதல் செயல். மாங்க்குக்கு லெவல் எவ்வளவோ அவ்வளவு கி. சப்கிளாஸ் கிடைக்கும் 3ஆம் லெவலில் மொத்தமே 3. ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வோ நீண்ட ஓய்வோ எடுத்தால்தான் திரும்ப வரும். அதே 3 கி-யிலிருந்துதான் ஃப்ளரி ஆஃப் ப்ளோஸும் (கூடுதலாக இரண்டு அடி) பேஷன்ட் டிஃபென்ஸும் (தற்காப்பு) ஸ்டெப் ஆஃப் தி விண்டும் (விரைந்து விலகுவது) எடுக்க வேண்டும். இவை மூன்றும் போனஸ் ஆக்‌ஷன் வேறு. உங்கள் சக்தியும் அந்த வரிசையில் போய் நின்றால், அதைப் பயன்படுத்துகிறவர் மாங்க்காக இருப்பதை அந்தச் சுற்றில் நிறுத்திவிட வேண்டும். ஆடுபவர் இரண்டு சண்டைக்குள் இதைக் கண்டுபிடித்துவிட்டு ஃப்ளரிக்கே திரும்பிவிடுவார். நீங்கள் உட்கார்ந்து எழுதியது தாளில் கிடக்கும்.

இந்த ஆட்டத்தை வெளியிட்டவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2014இல் வந்த ‘நான்கு பூதங்களின் வழி’ (நிலம், நீர், நெருப்பு, காற்று) என்ற மாங்க் சப்கிளாஸில் தண்ணீர்ச் சாட்டை ஒன்றுக்கு 2 கி. விசார்டு என்ற மந்திரவாதி 5ஆம் லெவலில் எறியும் ஃபயர்பால் நெருப்பை இந்த மாங்க் 11ஆம் லெவலில், 4 கி கொடுத்துத்தான் எறிய முடியும். 2024இல் அதைத் திருத்தி, 1 பாயிண்ட் கொடுத்தால் 10 நிமிடம் பூதசக்தி உடம்பில் நிற்கும்படி மாற்றினார்கள். அதே 2014 புத்தகத்தின் ஓப்பன் ஹேண்ட் வழி எவ்வளவு சிக்கனம் பாருங்கள்: ஃப்ளரியில் அடி பட்டால் எதிரியைக் கீழே தள்ளலாம், 15 அடி தூரம் பின்னுக்கு அனுப்பலாம், அல்லது பதிலுக்குச் செய்யும் ரியாக்‌ஷனைப் பறிக்கலாம். தனியாக ஒரு கி கூடக் கேட்பதில்லை. ஏற்கெனவே செலவாகும் கி-மேல் உங்கள் சக்தியை ஏற்றிவிடுவதுதான் நல்ல வழி.

சரி, அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு டி6 (ஆறுமுகப் பகடை) கூடுதலாகக் கொடுத்துவிடலாமா? கூடாது. 5ஆம் லெவலில் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 உள்ள மாங்க் ஃப்ளரியோடு நான்கு முறை அடிப்பார். அடி ஒன்றுக்குச் சராசரி சேதம் 7.5, நான்கும் பட்டால் 30. ஒவ்வொன்றுக்கும் டி6 சேர்த்தால் இன்னும் 14, கிட்டத்தட்ட பாதி. ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்று கட்டுப்பாடு வையுங்கள்.

வர்மத்துக்கு வருவோம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பார்கள். 108க்கும் தனித்தனி விளைவு எழுதும் ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் பட்டியலைப் புரட்டினால் மேசையில் மற்ற நான்கு பேர் காத்திருக்க வேண்டும். கை தளர்வது, கால் தளர்வது, நா கட்டுப்படுவது என்று மூன்று போதும். நா கட்டுப்பட்டவர் மந்திரம் சொல்ல முடியாது என்பதால் அதற்குச் சேவ் (எதிரி பகடை உருட்டித் தப்பிக்கும் வாய்ப்பு) கட்டாயம் வையுங்கள். எதிரியை அசையாமல் நிறுத்துவதை எழுதாதீர்கள், 5ஆம் லெவலில் வரும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அந்த வேலையைச் செய்கிறது. வர்மத்தில் எனக்குப் பிடித்த பகுதி அடங்கல்தான், அதாவது விழுந்தவரைத் தட்டி எழுப்பும் முறை. ஒரு ஆக்‌ஷன், 1 கி: உயிருக்கு ஆபத்தில்லாமல் மயங்கிக் கிடப்பவர், நண்பரோ பிடிபட்ட எதிரியோ, 1 ஹிட் பாயிண்டோடு (உயிர்ப் புள்ளி) கண் விழிக்கிறார். சின்னச் சக்திதான். ஆனால் யாரை எழுப்புவது, எழுப்பி என்ன கேட்பது என்று மேசையில் பேச்சு கிளம்பும்.

சிலம்ப சப்கிளாஸில் வேறொரு ஓட்டை. ஃப்ளரி வெறுங்கை அடியைத்தான் தருகிறது. கம்பை மையமாக வைத்து எழுதிவிட்டு இதைக் கவனிக்காவிட்டால், சிலம்பக்காரர் பாதி அடியை உதையாலும் குத்தாலும்தான் கொடுப்பார். ஃப்ளரியைக் கம்பாலும் அடிக்கலாம், அந்த அடிகளுக்கு வெறுங்கை அடிக்கான மார்ஷியல் ஆர்ட்ஸ் பகடையே என்று ஒரு வரி சேருங்கள். மாயக்கம்பு கிடைத்தால் அதன் கூடுதல் நான்கு அடிக்கும் போகும் என்பதை டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரே நிலத்தில் மட்டும் வேலை செய்யும் சக்தி. ஆற்றில் நிற்கும்போது மட்டும் பலம் பெறும் தாமிரபரணித் துறவி, கதை பாபநாசத்தைத் தாண்டிக் குதிரைமொழித் தேரியின் செம்மணலுக்குப் போனதும் சும்மா நிற்பார். ஐந்து திணையும் உள்ள சீமை என்று நம் பக்கத்தைச் சொல்வார்கள். நிலத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பலன் வைத்துவிட்டால் எங்கே போனாலும் ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

சுடலைமாடனையோ வேறு தெய்வத்தையோ அப்படியே சக்தியாக மாற்றுவதையும், மடத்துக்கு ஒரு சாதியின் அடையாளத்தைக் கொடுப்பதையும் நான் ஏற்பதில்லை. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குலதெய்வமாக இருக்கலாம், கோவில் கொடைக்குப் போய்விட்டு வந்திருக்கலாம். பெயரையும் கதையையும் நீங்களே புதிதாக உண்டாக்குங்கள், நம் மண்ணின் வாசம் அதிலும் வரும்.

17ஆம் லெவல் சக்திக்கு ஒரு வாரம் செலவிடாதீர்கள், பெரும்பாலான ஆட்டங்கள் அதுவரை போவதில்லை. உழைப்பை 3லும் 6லும் போடுங்கள். எழுதி முடித்ததும் 5ஆம் லெவல் மாங்க் ஒருவரை வைத்து, நடுவில் ஷார்ட் ரெஸ்ட் இல்லாமல் இரண்டு சண்டை ஆடிப் பாருங்கள். 5 கி-யில் உங்கள் சக்திக்கு எத்தனை போனது, ஃப்ளரிக்கு எத்தனை போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் சுழி விழுந்தால் விலையைக் குறைத்து, மறுபடி அதே சண்டையை ஆடுங்கள்.