எடை குறைந்த குழந்தையின் வீட்டுக்கு உதவப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

தெருவில் ஒரு கைக்குழந்தை தேறாமல் இருக்கிறது என்று தெரிந்ததும் நாலு பேர் காசு போட்டு முதலில் வாங்கிக் கொடுப்பது பால் பவுடர் டின்னும் ஒரு பாட்டிலும்தான். மனசு நல்ல மனசு, ஆனால் இதைவிடப் பெரிய தவறு இல்லை. டின் பால் உள்ளே போகப்போக தாய்ப்பால் குறையும், டின் தீரும் நேரத்தில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள், பாட்டிலைக் கொதிக்கவைக்க வசதியில்லாத வீட்டில் வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற எடையும் போய்விடும். அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் இவற்றைத் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992-ல் இந்தியாவில் சட்டமே போட்டிருக்கிறார்கள். பாலூட்டும் தாய்க்குப் பருப்பும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள், அது குழந்தைக்கும் சேரும்.

அடுத்தது, கண்ணால் பார்த்தே முடிவு செய்வது. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைக்கு மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அங்கன்வாடியில் கேட்டால் நாடாவை வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடுவார்கள். சில குழந்தைகள் கொழுகொழுவென்றுகூடத் தெரியும். இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள், குழி அப்படியே நின்றால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மந்திரிப்பதெல்லாம் அப்புறம்.

அந்த நிலையில் உள்ள குழந்தைக்குப் பாவம் என்று வயிறு நிறைய ஊட்டுவதும் ஆபத்து. பட்டினியில் நலிந்த உடம்பு திடீர்ச் சாப்பாட்டைத் தாங்காது, இதயமே பாதிக்கப்படலாம். அதனால்தான் மருத்துவமனையில் முதல் சில நாட்களுக்கு 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும்கூட, சத்து அளந்து கலந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்.

வீட்டிலேயே வைத்துத் தேற்றக்கூடிய குழந்தைக்குக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைக்காதீர்கள், சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஓடாத பதத்தில் இருக்கட்டும், அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய். வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்துவது நம் ஊரில் பழைய பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அம்மாவைக் குற்றம் சொல்லும்போதுதான். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவை மூத்த பிள்ளைகளுக்கும் கரைத்துக் கொடுத்துவிட்டாளாம். பசியோடு மூன்று பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்? மொத்த வீட்டுக்கும் அரிசி, கேழ்வரகு, எண்ணெய் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாவு அந்தக் குழந்தையின் வாய்க்குப் போகும். அதோடு, நூறு நாள் வேலைக்குக் காலையில் போகிறவர் மதியம் வந்து ஊட்ட முடியாது, கண் தெரியாத பாட்டி எத்தனை தடவைதான் ஊட்டுவார்? ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளையும், இடையில் ஏதாவது தின்னவும் வேண்டும். பக்கத்து வீட்டார் ஒரு வேளை ஊட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டால், அது எந்த டின்னையும்விடப் பெரிய உதவி.

குழந்தையைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடாதீர்கள். அப்படி ஒருமுறை நடந்தால் அந்த வீட்டார் அடுத்த மாதம் எடை பார்க்கக்கூட வெளியே வர மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம், திரும்ப எடை இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுள்ள மாதங்களில்தான். மறுபரிசோதனைத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு பஸ் காசும் கூட வர ஓர் ஆளும் இருந்தால் போதும்.